குதிரைக்கு மூச்சு சீக்கிரம் பழகும், கால் பழகாது: விளையாட்டுக் குதிரைப் பயிற்சியைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு

குதிரைப் பயிற்சியாளர் ஆக வேண்டும் என்று கேட்டு வருபவர்களில் பலர் உண்மையில் கேட்பது, குதிரை ஓட்ட எங்கே கற்றுக்கொள்ளலாம் என்பதைத்தான். அது வேறு, இது வேறு. பிரமாதமாகச் சவாரி செய்வார்கள், ஆனால் ஒரு குதிரையை ஆறு மாதம் நொண்டாமல் வைத்திருக்கச் சொன்னால் திணறுவார்கள், அப்படிப்பட்டவர்கள் எல்லா லாயத்திலும் உண்டு. தாண்டல் போட்டி, டிரெஸ்ஸாஜ் (அரங்கில் குறித்த அசைவுகளைச் செய்து காட்டுவது), ஈவென்டிங் (டிரெஸ்ஸாஜ், வெளித்தரை ஓட்டம், தாண்டல் மூன்றும் சேர்ந்தது), எண்டூரன்ஸ் (நெடுந்தூர ஓட்டம்) என்று ஏதோ ஒரு விளையாட்டுக்காகக் குதிரையின் உடம்பைத் தயார் செய்வது, அதையே பிழைப்பாக வைத்துக்கொள்வது, இதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் இதற்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் சின்ன இடம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூருவின் ஃபவாத் மிர்சா ஈவென்டிங்கில் தனிநபர் வெள்ளி வாங்கினார், அணிக்கும் வெள்ளி கிடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் 23ஆவது இடம். ஹாங்சோவில் 2023இல் டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது, அடுத்த ஆண்டு பாரிஸில் அனுஷ் அகர்வாலா டிரெஸ்ஸாஜில் ஒலிம்பிக் ஆடிய முதல் இந்தியர் ஆனார். இதெல்லாம் சந்தோஷம்தான், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பதக்கங்களை வாங்கித் தந்த குதிரைகள் ஐரோப்பாவில் இருந்து தயாரானவை. இந்தியக் குதிரை வெளிநாடு போவதற்குத் தொற்றுநோய் விதிகள் பல காலமாகக் குறுக்கே நின்றன. நம் ஊரில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேலை உள்ளூர்ப் போட்டிகள், தேசியப் போட்டிகள், ஜூனியர் பிள்ளைகளின் குதிரைகள், சவாரிப் பள்ளிக் குதிரைகள். அதில் கெட்டிக்காரர் ஆனால் வெளியே போகும் கதவும் திறக்கும், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உடம்பு

நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும். முழு வேகத்தில் ஓடும்போது 220ஐத் தாண்டும். இப்படி ஆறேழு மடங்கு ஏறுவது மனிதனால் முடியாத காரியம். அதோடு, ஓட ஆரம்பித்ததும் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் இறக்கிவிடும். சும்மா நிற்கும்போது ரத்தத்தில் நூற்றுக்கு 40 பங்கு போல இருக்கும் சிவப்பணு 60ஐத் தொடும். கேண்டர் என்ற மிதமான ஓட்டத்திலும் நாலுகால் பாய்ச்சலிலும், நான்கு காலும் ஒரு முறை வைத்து எடுக்கும் ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு என்று கால் கணக்கிலேயே மூச்சும் ஓடும், அதுவும் மூக்கு வழியாக மட்டும்தான், குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. சுருக்கமாக, பயிற்சியே இல்லாத குதிரைக்குக்கூட ஓடத் தேவையான நுரையீரலும் இதயமும் பிறவியிலேயே வந்துவிடுகின்றன. ஒரு மாதம் ஒழுங்காக வேலை கொடுத்தால் மூச்சு வாங்குவது குறையும், தசை திரளும், மேல்தோல் பளபளக்கும், இன்னும் ஓடலாம் என்று கடிவாளத்தை இழுக்கும்.

ஏமாறுவது இங்கேதான். எலும்புக்கு இந்த வேகம் கிடையாது. பயிற்சியின் அழுத்தத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும், உண்மைதான், ஆனால் முதலில் பழையதைக் கரைத்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும், இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும், முழுதாகத் தேற மாதக் கணக்கில் ஆகும். இரண்டு வயதில் ரேஸுக்குத் தயாராகும் குதிரைகளுக்கு முன்னங்காலில் முட்டிக்குக் கீழே உள்ள கேனன் எலும்பின் முன்பக்கம் வீங்கி வலிப்பது இதனால்தான். தசைநார் இன்னும் மோசம். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே பின்பக்கமாக இறங்கும் அந்தத் தசைநார் ஒவ்வோர் எட்டிலும் ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்குகிறது, ஓட்டத்தில் அதன் உள்வெப்பம் 45 டிகிரி வரை போவதை அளந்திருக்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது அது உழைப்புக்கு ஏற்ப வலுவாகும். வளர்ந்து முடிந்த குதிரையில் பெரிதாக வலுவாகாது, சிறு சிறு சேதம் சேர்ந்துகொண்டே போகும், ஒரு நாள் கிழியும். கிழிந்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் போயிற்று, திரும்பவும் அதே இடத்தில் கிழியும் வாய்ப்பும் அதிகம்.

ஆகவே இந்தத் தொழிலில் உங்கள் வேலை குதிரையை ஓட வைப்பதைவிட, ஓடத் துடிக்கும் குதிரையையும் அவசரப்படும் முதலாளியையும் பிடித்து நிறுத்துவதுதான். இது பிடிக்காதவர்கள் ஜாக்கி ஆகலாம், தாண்டல் வீரர் ஆகலாம், தப்பில்லை.

ரேஸிலிருந்து வந்த குதிரையை எப்படித் தயார் செய்வது

பொதுவாகப் பேசினால் பிடிபடாது, ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நம் ஊர் சவாரிப் பள்ளிகளில் பல குதிரைகள் ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோப்ரெட்கள், அதாவது ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம். ஐந்து வயது, 450 கிலோ, கால் ஓரளவு சுத்தம், ஒரு வருஷத்தில் ஆரம்ப நிலை ஈவென்டிங் போக வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை.

முதல் ஒன்றிரண்டு மாதம் மேலே ஏறவே வேண்டாம். தானியத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், புல்லைக் கூட்டுங்கள், பகலிலோ இரவிலோ முடிந்த அளவு வெளியே திறந்துவிடுங்கள். ரேஸ் குதிரை நாளில் 22, 23 மணி நேரம் லாயத்து அறைக்குள் நின்றே பழகியது, வெளியே விட்டதும் தறிகெட்டு ஓடும், ஆகவே முதலில் சின்ன அடைப்பு, கூடவே நிதானமான ஒரு துணைக் குதிரை. பல்லைப் பாருங்கள், முதுகை அழுத்திப் பாருங்கள், லாடக்காரரிடம் குளம்பைக் காட்டுங்கள். வயிற்றுப் புண் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ரேஸ் பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்டு. சேணத்தை இறுக்கும்போது காதை மடக்குகிறது, கடிக்க வருகிறது என்றால் திமிர் என்று அடிக்காதீர்கள், வயிறு வலிக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம் நடை. ஐந்தாறு வாரம் வெறும் நடை. இருபது நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை, நேர் கோட்டில், உறுதியான தரையில், குதிரை தூங்கி வழியாமல் சுறுசுறுப்பாக எட்டு வைக்கும்படி. இந்தக் கட்டத்தில்தான் முதலாளி வருவார். "என்ன சார், ஒரு மாசமா நடக்க மட்டும்தான் விடுறீங்க, இதுக்கா மாசாமாசம் பணம் கட்டுறேன்?" என்பார். சிரித்துக்கொண்டே பதில் சொல்லப் பழகுங்கள், ஆனால் திட்டத்தை மாற்றாதீர்கள்.

நடைக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் ட்ராட் (துள்ளோட்டம்) சேர்க்க ஆரம்பித்து, அடுத்த ஐந்தாறு வாரத்தில் மொத்தமாக 20, 25 நிமிடம் வரை கொண்டுபோகலாம். இந்தக் குதிரைகளுக்கு ஒரு பக்கம் எளிதாகத் திரும்பும், மறு பக்கம் விறைப்பாக இருக்கும், கடிவாளம் இழுபட்டால் நிற்காமல் இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று புரிந்து வைத்திருக்கும். பெரிய வட்டங்கள், தரையில் போட்ட கம்பங்கள், நிறுத்திக் கிளப்புவது, இதெல்லாம் உடம்புக்கும் புத்திக்கும் சேர்த்தே பயிற்சி. சின்ன வட்டத்தில் கயிற்றில் கட்டிச் சுற்றச் சுற்ற ஓட விடுவதை நான் வெறுக்கிறேன். குதிரையின் தெம்பைக் குறைக்க நினைத்துச் செய்வார்கள், தேய்வது மூட்டு.

நடை தொடங்கி மூன்று மாதம் ஆனபிறகு கேண்டர் இடைவெளிப் பயிற்சி. நிமிடத்துக்கு 350 மீட்டர் வேகத்தில் மூன்று நிமிடம் கேண்டர், மூன்று நிமிடம் நடை, இப்படி மூன்று சுற்று. வேகம் எப்படித் தெரியும்? 350 மீட்டரை அளந்து இரண்டு முனையிலும் கல் வையுங்கள், கடிகாரத்தில் ஒரு நிமிடத்தில் கடக்கப் பாருங்கள், கொஞ்ச நாளில் உடம்புக்கே கணக்கு வந்துவிடும். சில வாரங்களில் 400 மீட்டர் வேகம், ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று சுற்று என்று ஏறலாம். இது நான்கு நாளுக்கு ஒரு முறை போதும், தினமும் செய்வது பைத்தியக்காரத்தனம். அடுத்த சுற்று தொடங்கும் முன் துடிப்பு 110க்குக் கீழே வந்திருக்க வேண்டும். துடிப்பு மானி இல்லையா, ஸ்டெதஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வேலை முடிந்து பத்து நிமிடம் நடந்தபிறகும் 70க்கு மேலேயே நின்றால் அன்று கொடுத்தது அதிகம், அல்லது குதிரைக்கு எங்கோ வலி, அல்லது காய்ச்சல். எண்டூரன்ஸ் போட்டிகளில் ஒவ்வொரு சுற்று முடிவிலும் குறித்த நேரத்துக்குள் துடிப்பு 64க்கு இறங்கவில்லை என்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதற்குக் காரணம் இதேதான்.

மெதுவான ஓட்டம் எவ்வளவு கொடுத்தாலும் எலும்பு பெரிதாக மாறாது என்பது பலருக்குத் தெரியாது. எலும்புக்குப் புத்தி சொல்வது குறைந்த எண்ணிக்கையில் வேகமான எட்டுகள். அதனால் நான்கைந்து மாதம் கழித்து வாரம் ஒரு முறை, நல்ல தரையில், 200 அல்லது 300 மீட்டர் கொஞ்சம் சுறுசுறுப்பான ஓட்டம் ஒன்று சேர்க்கிறோம். அவ்வளவே. அதைக் கிலோமீட்டர் கணக்கில் நீட்டினால் பலன் போய்ச் சேதம் மிஞ்சும்.

நேரம், வேகம், வாரத்தில் எத்தனை நாள், இந்த மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். தாண்டல் பயிற்சி வாரம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு நாள், தாழ்வான தடைகள். ஈவென்டிங்கின் உச்ச நிலையில் நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகத்தில் பதினொரு நிமிடம் போல ஓட வேண்டியிருக்கும், அது பல வருஷம் தள்ளி இருக்கிறது, நம்முடைய குதிரை அந்த வேகத்தை இப்போது பார்க்கவே தேவையில்லை. மழை, காயம், பரீட்சை என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் பதறவும் வேண்டாம், அதற்குள் மூச்சு பெரிதாக இறங்கிவிடாது.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்கரை மணலில் ஓட்ட ஆசை வரும். அலை நனைத்து இறுகிய ஈர மணல் நல்ல தரை. அதற்கு மேலே உள்ள, குளம்பு புதையும் காய்ந்த மணல் தசைநாருக்கு எமன். பழகாத குதிரையை அதில் பத்து நிமிடம் கேண்டர் விடாதீர்கள்.

தினமும் காலையில்

சேணம் போடும் முன் நான்கு காலையும் வெறும் கையால் முட்டியிலிருந்து குளம்பு வரை தடவுங்கள். இடது வலதை ஒப்பிடுங்கள். நேற்று இல்லாத சூடு, நேற்று இல்லாத உப்பல், விரலால் அழுத்தினால் காலைத் தூக்குகிற ஓரிடம், இதில் ஒன்று இருந்தாலும் அன்று கேண்டர் கிடையாது. தசைநார் கிழிவதற்கு முன் பல நாள் இப்படித்தான் சூடாகத் தகவல் சொல்லும், நாம் குதிரை நொண்டவில்லையே என்று ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பம் 37.5க்கும் 38.5 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும். கெட்டியான தரையில் ஒருவர் கையில் பிடித்து ட்ராட் ஓடவிட்டு நீங்கள் முன்னால் நின்று பாருங்கள்: முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். இதைக் கண்ணுக்குப் பழக்க நூற்றுக்கணக்கான குதிரைகளைப் பார்க்க வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது.

இதையெல்லாம்விட முக்கியமான தகவல் குதிரையைப் பராமரிக்கும் சைஸிடம் இருக்கிறது. குதிரையோடு இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பவர் அவர்தான். "அண்ணே, நேத்து ராத்திரி தீனியை முடிச்சிச்சா? தண்ணி எவ்வளவு குடிச்சிச்சு? சாணி எப்படி இருந்துச்சு?" என்று உட்கார்ந்து கேட்கிற பயிற்சியாளருக்கு வயிற்றுவலி இரவே தெரிந்துவிடும். அவர்களை அதட்டி வேலை வாங்குகிற ஆளுக்குக் காலையில்தான் தெரியும், சில நேரம் அது தாமதம்.

வெயில்

சென்னையில் ஆகட்டும், புதுச்சேரியில் ஆகட்டும், வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் எதிரி. குதிரை வியர்த்துத்தான் உடம்பைக் குளிர வைக்கிறது, கடுமையான வேலையில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும், காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும். விடியுமுன் தொடங்கி ஏழு மணிக்குள் கடினமான வேலையை முடித்துவிடுங்கள். முடிந்ததும் உடம்பு முழுக்கத் தண்ணீர், கழுத்து, மார்பு, வயிறு, பின்புறம் எல்லாம், நிறுத்தாமல், குளிர்ந்த தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது. சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்பே ஆராய்ந்து பார்த்து அது உண்மை இல்லை என்று காட்டிவிட்டார்கள், டோக்கியோவில் ஐஸ் தண்ணீரையே ஊற்றினார்கள். குடிக்கவும் உடனே கொடுக்கலாம். ஈரத் துண்டைப் போர்த்தி நிற்க வைப்பதுதான் தப்பு, துண்டுக்குள் சூடு அடைபடும்.

சில குதிரைகள் நம் கடலோர வெயிலில் ஒரு கட்டத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். தோல் காய்ந்து, வேலை முடிந்து வெகுநேரம் மூச்சு புஸ்புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தால் அதுவாக இருக்கலாம். குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்த குதிரைக்கு மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள், இங்கேயே பிறந்ததற்கும் வரும். நிச்சயமான மருந்து கிடையாது, நிழல், மின்விசிறி, குறைந்த வேலை, முடிந்தால் குளிர்ச்சியான ஊர்.

தீனி

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள், குதிரைக்குக் கொள்ளை அவித்துப் போடுவதுதான் நம் பழக்கம். அதில் தப்பில்லை, புரதம் நிறைய உண்டு, ஆனால் அதுவே முழுத் தீனி ஆகிவிடக் கூடாது. அடித்தளம் புல். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது ஈரத்தைக் கழித்த காய்ந்த கணக்கில் நார்த்தீனி போக வேண்டும், 500 கிலோ குதிரைக்கு ஏழரைக் கிலோ, இது குறைந்தபட்சம். தானியத்தை ஒரே வேளையில் கொட்டாதீர்கள். ஓட்ஸ் என்றால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ சொச்சம்தான் எல்லை, அதற்கு மேல் போனால் மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், வயிற்றுவலியும் குளம்பு நோயும் அங்கிருந்துதான். சவாரிக்கு முன் ஒரு கைப்பிடி குதிரைமசாலோ காய்ந்த புல்லோ கொடுப்பது நல்லது, வெறும் வயிற்றில் ஓடினால் அமிலம் மேலே தெறித்து வயிற்றைப் புண்ணாக்கும்.

நம் ஊரில் யாரும் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. மாட்டுக்கு வளர்க்கிற கோ-4 போன்ற நேப்பியர் புல் மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே போடுவார்கள், கூடவே வாளி வாளியாகத் தவிடு. அந்தப் புல்லில் உள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். இடம் மாறும் நொண்டல், விறைப்பு, நாள்பட்டால் முகத்து எலும்பே வீங்கும். எலும்பை வலுவாக்க நீங்கள் மாதக்கணக்கில் நடந்ததெல்லாம் தீனித் தொட்டியில் கரைந்துபோகும். தவிட்டைக் குறைத்துக் குதிரைமசாலைச் சேருங்கள், அதில் சுண்ணாம்பு தாராளம்.

உப்பு: சும்மா நிற்கும் 500 கிலோ குதிரைக்கே நாளுக்கு 25, 30 கிராம் வேண்டும், நம் வெயிலில் வேலை செய்தால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கல்லுப்பே போதும், கலர் கலரான பொட்டலம் தேவையில்லை. ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைக்காமல் விட்டால் மறுநாள் வேலை தொடங்கியதும் பின்புறத் தசை கல்லாக இறுகி, காப்பி நிறத்தில் சிறுநீர் போகும் குதிரைகள் உண்டு. அப்படி ஆனால் ஓர் அடிகூட நடத்தாமல் அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் லாயத்துப் பக்கமே வரக் கூடாது. அதில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத்தைக் கொல்லும்.

மருந்தும் லாரியும்

போட்டிக் குதிரைக்கு நீங்கள் கொடுக்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். டீத்தூள் சிந்திய தீனியில் உள்ள காஃபீனும் சோதனையில் தெரியும், யாரோ கொடுத்த மூலிகைப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். எந்த மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு, யார் சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே நோட்டில் துடிப்பு, வெப்பம், அன்றைய வேலை, லாடம் அடித்த நாள். எடைமேடை இல்லாவிட்டால் மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை உடல் நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும், அளவெல்லாம் சென்டிமீட்டரில்.

தேசியப் போட்டிக்காக வடக்கே போகும்போது குதிரை நாள் கணக்கில் லாரியில் நிற்கும். தலையை உயரமாகக் கட்டிப்போட்டால் மூச்சுக்குழாயில் சேரும் அழுக்கு கீழே வடியாமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, அவிழ்த்துத் தலையைத் தரை வரை தாழ்த்த விடுங்கள். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனைச் சான்று இல்லாமல் கிளம்பாதீர்கள், அது மனிதனுக்கும் தொற்றும் நோய்.

வேலைக்கு எப்படிச் சேர்வது

இதற்கென்று ஒரே ஒரு பட்டப்படிப்பு இங்கே கிடையாது. பெரும்பாலோர் வந்த வழி லாயம்தான்: சாணி அள்ளி, குளம்பு சுத்தம் செய்து, கட்டுப்போடப் பழகி, மெல்ல மெல்ல மேலே ஏறி உட்கார்ந்தவர்கள். பெங்களூருவில் பெரிய சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன, ஆரோவில்லில் ரெட் எர்த் சவாரிப் பள்ளி இருக்கிறது, சென்னையிலும் சில. ராணுவத்தில், படைக் குதிரைகளையும் அவற்றின் மருத்துவத்தையும் கவனிக்கும் மீரட் ரிமவுண்ட் கால்நடை மருத்துவப் படை மையம் குதிரை விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்ட இடம், அதை உலக விலங்கு சுகாதார அமைப்பு 2025இல் குதிரை நோயற்ற வளாகமாக ஏற்றிருக்கிறது, இந்தியக் குதிரைகள் இனி வெளியே போக இது ஒரு வாசல். சான்றிதழ் வேண்டுமானால் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் படிநிலைத் தேர்வுகளுக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு.

ரேஸ் வழி தனி. அங்கே ரேஸ் நடத்தும் டர்ஃப் கிளப்கள்தான் பயிற்சியாளர் உரிமம் தருகின்றன, ஒரு பயிற்சியாளரிடம் உதவியாளராகச் சில வருஷம் இருந்துதான் அதைக் கேட்க முடியும். தமிழ்நாட்டில் இதை நம்பி இறங்குமுன் யோசியுங்கள்: ஊட்டி ரேஸ் மைதானத்து நிலத்தை 2024 ஜூனில் அரசு எடுத்துக்கொண்டது, அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்து செய்தது, விஷயம் நீதிமன்றம் போனது. பெங்களூரு, ஹைதராபாத், புனே பக்கம் பார்ப்பது நல்லது.

வெளிநாடு என்றால் இங்கிலாந்தின் ரேஸ் ஊரான நியூமார்க்கெட்டிலும் அயர்லாந்திலும் காலைப் பயிற்சியில் குதிரை ஓட்ட ஆள் பற்றாக்குறை, இந்தியாவிலிருந்து போன ரைடர்கள் அங்கே நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஜெர்மனியில் குதிரைத் தொழிலுக்கென்றே மூன்று வருஷ அரசு அங்கீகாரத் தொழிற்பயிற்சி இருக்கிறது, படிக்கும்போதே சம்பளம், ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் முடியாது. தங்க இடமும் சாப்பாடும் மட்டும் தருகிறோம், சம்பளம் இல்லை, ஒலிம்பிக் குதிரைகளோடு இருக்கலாம் என்று ஆசை காட்டுபவர்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஆரம்பச் சம்பளம் குறைவு, விடுமுறை அபூர்வம், எலும்பு முறிவது அநேகமாக நிச்சயம். அதனால் முதல் வேலையிலேயே விபத்துக் காப்பீடு பற்றிக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், ஹெல்மெட்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வருமானம் பின்னால் வருவது மாதத்துக்கு ஒரு குதிரைக்கு இவ்வளவு என்று வாங்கும் பயிற்சிக் கட்டணத்தில்தான், அதற்கு முதலாளிகள் உங்கள் பேச்சை நம்ப வேண்டும், அதற்குத்தான் அந்த நோட்டு. ஏன் இந்த வாரம் தாண்டவில்லை என்று கேட்டால் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.

எந்த லாயத்தில் சேருவது என்று முடிவு செய்யுமுன் விடியற்காலையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்திருக்கிறதா, குளம்புகள் வளர்ந்து கிடக்கின்றனவா, நீங்கள் பக்கத்தில் போனால் குதிரைகள் முன்னால் வந்து முகர்கின்றனவா, பின்சுவரோடு ஒட்டிக்கொள்கின்றனவா என்று கவனியுங்கள். அப்புறம் தலைமைப் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி: பதினைந்து வயதைத் தாண்டியும் இங்கே வேலை செய்துகொண்டிருக்கிற குதிரை எத்தனை இருக்கிறது? பெயரோடு சொல்லி, கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அங்கே சேருங்கள்.